கிழட்டுச் சக்கரங்கள் – 9: ஜாக்கி சொல்லும் உண்மை

பழைய காரைக் கண்காட்சிக்காகப் புதுப்பிப்பவருக்கு அதில் பழசு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு பெருமை. பந்தயத்துக்காகப் புதுப்பிப்பவர் பழசை நம்பினால் உயிருக்கு ஆபத்து. ஓய்வு பெற்ற பிறகு இந்த ஆசையில் இறங்குபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

எம்ஜிபியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். அன்று ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்த பையன்களில் சிலர், பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு இதை வாங்கி ஷெட்டில் நிறுத்துகிறார்கள். உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. பழைய அச்சுகளைக் கொண்டே புது பாடி அடித்துக் கொடுக்கும் வேலைகூட 1988இல் தொடங்கிவிட்டது.

இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் முதுகெலும்பு. அதிலும் மேற்கூரை இல்லாத மாடலில், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டித் தகடுகள்தான் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகின்றன. துரு அதை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கிக் கதவைச் சாத்திப் பாருங்கள். இடுக்கு குறுகி விளிம்பு உரசினால் சில் போயே போச்சு. பட்டி பூசி விற்றவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஜாக்கியை ஏமாற்ற முடியாது.

துருப்பிடித்த சில்லை வெட்டியெடுப்பதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பாடி நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்விலேயே புதுத் தகடும் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஜென்மத்துக்கும் கதவு பொருந்தாது.

எஞ்சினைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு கவலை இல்லை. எஞ்சின் போனால் பெரும்பாலும் பணத்தோடு போகும். வளைவில் ஸ்டியரிங் ஆர்ம் முறிந்தால்? பல்லாண்டு அதிர்ச்சி வாங்கிய இரும்பில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்துச் சிவப்புச் சாயம் அடிக்கிறார்கள். சற்று ஊறவிட்டு, மேலே இருப்பதைச் சுத்தமாக வழித்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தூவுகிறார்கள். விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் பொடியில் ஊறி மேலே வருகிறது. வெள்ளையில் சிவப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பாகம் நேரே காயலான் கடைக்கு. அறுபது வருட அசல் பாகமாயிற்றே என்று இரக்கம் பார்க்கக் கூடாது.

பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், டயர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வைத்திருக்கும் பழைய ரப்பர்தான் தீக்கும் விபத்துக்கும் வழி.

ஓட்டுபவரின் தேய்மானத்துக்கு இப்படிச் சாயம் கிடையாது. பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸ் நல்ல உதாரணம். முதலில் இங்கிலாந்தின் குட்வுட். போர்க்கால விமானத் தளத்தைச் சுற்றியோடிய சாலையில் 1948இல் தொடங்கிய பந்தயத்திடல் அது. (நம் சோழவரமும் விமான ஓடுதளத்தில் பிறந்ததுதான்.) 1966இல் பந்தயம் நின்று, 1998இல் பழைய கார்களுக்காகவே மறுபடி திறந்தார்கள். அங்கேதான் 1962 ஈஸ்டர் திங்களன்று ஸ்டெர்லிங் மாஸ் மோதி, ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். முன்னணிப் பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஆனாலும் பழைய கார் பந்தயங்களில் வெகுகாலம் ஓட்டினார். 2011இல் லெ மான்ஸில் தன் போர்ஷே ஆர்எஸ்61இல் தகுதிச் சுற்று ஓட்டும்போது அவருக்கே பயம் வந்துவிட்டது. வயது 81. பந்தயத்துக்குக்கூடக் காத்திருக்காமல் ஓய்வை அறிவித்துவிட்டார்.

அடுத்த வாரம்: ரோல் கேஜுக்குள் நுழைய மறுக்கும் முதுகு.