நாத்திக வேட்பாளரும் நீலகிரி வாக்காளரும்

நீலகிரி மக்களவைத் தொகுதியில் 2009 முதல் தொடர்ந்து தி.மு.க. சார்பில் நிற்பவர் ஆ.ராசா. பெரியார் கொள்கையை மேடையில் மறைக்காமல் பேசுபவர். 2022 செப்டம்பரில் சூத்திரர் பற்றி மனுஸ்மிருதி சொல்வதை அவர் எடுத்துப் பேச, இந்து முன்னணி அவருடைய தொகுதியில் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அடுத்த ஆண்டு சனாதன சர்ச்சையிலும் அவர் பெயர் அடிபட்டது. அயோத்தி ராமர் கோயில் திறந்து மூன்று மாதத்துக்குள், 2024 ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு நடந்தது. பா.ஜ.க. தன் மத்திய இணை அமைச்சர் எல்.முருகனையே இங்கு நிறுத்தியது. ராசா சுமார் 2.4 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

கடவுளை நம்பாதவர் தேர்தலில் நிற்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் வேட்புமனு தாக்கல் செய்பவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டையும் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையே தருகிறது. 2021 மே 7-ல் முதல்வராகப் பதவியேற்ற மு.க.ஸ்டாலின் இரண்டாவது வழியில்தான் உறுதி கூறினார். சொத்து, கல்வி, வழக்கு விவரங்களைக் கேட்கும் பிரமாணப் பத்திரத்தில் மதம் என்று ஒரு கட்டமே கிடையாது.

சட்டம் கண் வைப்பது வேட்பாளரின் நம்பிக்கையில் அல்ல, அவர் வாக்குக் கேட்கும் முறையில். மதத்தைக் காட்டி ஓட்டுப் போடு என்றோ போடாதே என்றோ கேட்பது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 123(3) பிரிவின்படி தேர்தல் முறைகேடு. நிரூபணமானால் வெற்றி செல்லாது. ஆறு ஆண்டு வரை போட்டியிடவும் முடியாமல் போகலாம். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. பதவிக்கு மதத் தகுதி கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனாலும் 2008-ல் வட கரோலினா செனட் தேர்தலில், எதிர்த்து நின்ற கே ஹேகனுக்குக் கடவுள் மறுப்பாளர்களோடு உறவு என்று எலிசபெத் டோல் தொலைக்காட்சி விளம்பரம் செய்தார். தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்த ஹேகன் பதறிப்போய் வழக்குத் தொடுத்தார், தேர்தலில் வென்றார். நாத்திகர் என்ற பேச்சே அங்கு பழிச்சொல்லாக இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பழி 1971-லேயே எடுபடாமல் போனது. அந்த ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதாக எழுந்த விவகாரத்தை, காமராஜரும் ராஜாஜியும் சேர்ந்திருந்த எதிரணி ஊர் ஊராகக் கொண்டுபோனது. மார்ச்சில் வந்த முடிவில் தி.மு.க.வுக்கு 234-ல் 184 இடம். இந்திரா காங்கிரஸின் கூட்டும் இதற்குத் துணை செய்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசும் மதமும் இங்கே முற்றாகப் பிரிந்து நிற்கவும் இல்லை. ஊட்டி மாரியம்மன் தேருக்கும், படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் நீலகிரி ஆட்சியரே உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். கோயில்களை மேற்பார்க்க அரசில் அறநிலையத் துறை இருக்கிறது. பெரியார் கொள்கை பேசும் கட்சி ஆட்சியில் இருந்தாலும் குடமுழுக்கு நிற்பதில்லை. மலை மக்களின் ஓட்டைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு: பச்சைத் தேயிலை விலை, கூடலூர் ஜென்ம நிலப் பிரச்சினை, யானை நடமாட்டம், பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரும் படுகர் கோரிக்கை. பா.ஜ.க.வின் மாஸ்டர் மாதன் 1998-லும் 1999-லும் வென்ற தொகுதியும் இதுதான். 2014-ல் ராசா தோற்றபோது பேச்சில் அடிபட்டது அவர் மீதிருந்த 2ஜி அலைக்கற்றை வழக்கு, நாத்திகம் அல்ல. அந்தத் தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகிவிட, நோட்டாவுக்கு 46,559 வாக்குகள் விழுந்தன. நாட்டிலேயே அதிகம் அதுதான்.

நீலகிரித் தேர்தலில் மதம் சட்டப்படியே நுழையும் இடம் ஒன்று உண்டு. 2009 முதல் இது பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள். சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டனர். கேரளத்தின் தேயிலை மலைத் தனித்தொகுதியான தேவிகுளத்தில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.ராஜா, கிறிஸ்தவர் என்ற குற்றச்சாட்டில் 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் பதவி இழந்தார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

கடவுளை மறுக்கும் தலித் இத்தொகுதியில் நிற்கலாம். ஏசுவை வணங்கும் தலித் நிற்க முடியாது. மதச்சார்பற்ற நாட்டுக்கு இது பொருந்தாத விதி. மதம் மாறியவர்களின் நிலையை ஆராய மத்திய அரசு 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.