புனைமொழியாக்கத்தின் தொடக்கநிலை: கிளிக்கி மொழியை முன்வைத்து

புனைமொழி ஒன்றை உருவாக்க முற்படுவோர் பெரும்பாலும் சொற்பட்டியலிலிருந்தே தொடங்குகின்றனர். நூறு தமிழ்ச் சொற்களுக்கு நூறு புதுச்சொற்களை அமைத்துவிட்டால், கிடைப்பது குழூஉக்குறிகளின் தொகுப்பேயன்றி மொழியன்று. எவ்வொலி மொழிக்கு முதலாகும், எது ஈறாகும் என்பதனைத் தொல்காப்பியம் மொழிமரபில் வரையறுத்த பின்னரே சொல்லதிகாரத்திற்குச் செல்கிறது. புனைமொழியாளருக்கும் இம்முறையே ஏற்றது.

2015இல் வெளிவந்த ‘பாகுபலி’ திரைப்படத்தில் காலகேயர் பேசும் கிளிக்கி, மதன் கார்க்கி உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் அவர் சிறுவர்களுக்காக விளையாட்டாக அமைத்த சிறுமொழியே இதன் மூலம். படத்திற்கென அது ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக விரிந்தது. இதில் ‘மின்’ என்பது தன்மை. அதனைத் திருப்பிய ‘நிம்’ முன்னிலை. எதிர்நிற்கும் பொருளுக்கு எதிர்நிற்கும் ஒலி என்பது இதன் உத்தி. 1887இல் ஸாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ இதே தேவையை முன்னொட்டால் நிறைவு செய்தது: ‘போனா’ நல்ல, ‘மால்போனா’ கெட்ட.

திருப்புதல் எளிய உத்தியாகத் தோன்றினும் ஒலியமைதி அதற்கு இடந்தர வேண்டும். தமிழின் ‘கல்’ என்பதனைத் திருப்பினால் ‘லக்’ ஆகும். லகரம் தமிழில் மொழிமுதலாகாது. வல்லின மெய் ஈறாகாது. ‘மின்–நிம்’ இணையைத் தமிழில் எழுதும்போதும் ஈற்று னகரம் முதலில் நகரமாகிவிடுகிறது. நகர ஈற்றுக்குத் தொல்காப்பியர் இடந்தருவதோ இரண்டே சொற்களில். ஆகவே இவ்வுத்தியை விரும்புவோர் முதலிலும் ஈற்றிலும் ஒரே ஒலிகளை ஏற்கும் அமைப்பை முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். சொற்கள் பெருகிய பின் மாற்றுவது அரிது.

ஒலித்தேர்வில் வேறொரு சிக்கலும் உண்டு. தமிழர் உச்சுக்கொட்டும் ஒலி தமிழில் சொல்லுறுப்பாவதில்லை. அவ்வகை ஒலிகளே தென்னாப்பிரிக்காவின் சோசா, சூலு மொழிகளில் இயல்பான மெய்யொலிகள். திரையில் அவை கொடியோர் கூட்டத்தின் அடையாளமாகக் கேட்கின்றன. இது மொழியமைப்பின் குறையன்று, கதைச்சூழல் ஏற்றிய பொருள், எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழின் ஒரு வழக்கே. மலைவாழ் மக்களுக்குப் புரியாத ஒலிகளைச் சூட்டும் திரைமரபு இத்தகைய வழக்குகளைக் கேளாமலே கடந்துவிடுகிறது.

2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, கிளிக்கி தனி வரிவடிவத்துடன் இணையத்தில் வெளியிடப்பட்டது. காலகேயரின் போர்க்களத்திற்கு வெளியே, கற்போர் எவரும் பேசத்தக்க மொழியாக அது அப்போது முன்வைக்கப்பட்டது.