வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்தப் புரொப்பெல்லர்?

புரொப்பெல்லரின் நடுப்பகுதியில் 72 x 44 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச்: வழுக்கலே இல்லாவிட்டால், ஒரு சுற்றில் அது எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. சிறு விமானம் கட்டுபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியவை இந்த இரண்டும்தான்.

விட்டம்

கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது சிக்கனம். எனவே, முடிந்தவரை பெரிய விட்டம் நல்லது. ஆனால் பிளேடின் முனை ஒலியின் வேகத்தை நெருங்கக் கூடாது. நெருங்கினால் இரைச்சல் ஏறும், உந்துவிசை குறையும். 72 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2700 சுற்றில் ஓடும்போது முனையின் வேகம் நொடிக்குச் சுமார் 259 மீட்டர். ஒலியின் வேகம் ஏறத்தாழ 340. நிமிடத்துக்கு 3400 சுற்றுவரை நேரடியாகச் சுழற்றும் ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினுக்கு 54 அங்குலம்போலச் சிறியதைப் பொருத்துவது இதனால்தான். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின் 5800 சுற்றில் ஓடினாலும், கியர்பாக்ஸ் அதை 2.43ஆல் வகுத்துச் சுமார் 2390 ஆக்கிவிடுகிறது. அதற்குப் பெரிய விட்டம் தாங்கும்.

தரையையும் பார்க்க வேண்டும். முன்சக்கர விமானத்துக்கு 7 அங்குலம், வால்சக்கர விமானத்துக்கு 9 அங்குல இடைவெளி என்பது 2017 வரை அமெரிக்கச் சான்றிதழ் விதியாக இருந்தது. வீட்டில் கட்டுபவருக்கும் அது நல்ல அளவுகோல்.

பிட்ச்

இது சைக்கிள் கியர் மாதிரி. பிட்ச் குறைவாக இருந்தால் எஞ்சின் சட்டென்று முழுச் சுற்றுக்கு வரும். விமானம் குறைந்த தூரத்தில் கிளம்பும், நன்றாக ஏறும். ஆனால் சமதளப் பறத்தலில் சுற்று எல்லை மீறாமல் திராட்டிலைக் குறைக்க வேண்டிவரும். பிட்ச் கூடினால் வேகம் கிடைக்கும். கிளம்பும்போது எஞ்சின் திணறும்.

மணிக்கு 200 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால், ஒரு சுற்றில் விமானம் 1.33 மீட்டர், அதாவது 52 அங்குலம் நகர்கிறது. பிட்சைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் இது. சரிதானா என்பதைச் சுற்றுமானிதான் சொல்லும். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ்ஸில் முழுத் திராட்டிலில் சமதளமாகப் பறக்கும்போது 5500 முதல் 5800க்குள் நிற்க வேண்டும். எட்டாவிட்டால் பிட்ச் அதிகம், தாண்டினால் குறைவு.

எதில் செய்தது?

மரம் எடை குறைவு, அதிர்வை உள்வாங்கும். ஆனால் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். போல்ட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் வைத்து அடிக்கடி சோதிக்க வேண்டும். உலோகம் மெல்லியது, திறன் மிக்கது. ஆனால் எஞ்சினின் அதிர்வோடு ஒத்திசைந்தால் பிளேடு விரிசல் விட்டு முறியலாம். தயாரிப்பாளர் சோதித்துச் சொன்ன எஞ்சின் தவிர வேறெதிலும் அதை மாட்ட வேண்டாம்; விட்டத்தைக் குறைக்க நீங்களாக வெட்டவும் வேண்டாம். கார்பன் இழைப் புரொப்பெல்லர்கள் பலவற்றில் தரையில் நிற்கும்போதே பிளேடின் கோணத்தை மாற்றலாம். முதல்முறை கட்டுபவருக்கு அதுவே வசதி.

மூன்று பிளேடு பார்க்க எடுப்பாக இருக்கும். விட்டத்துக்கு இடமில்லாதபோது அது உதவும். மற்றபடி இரண்டு பிளேடே எடையும் விலையும் குறைவு.

ஆர்டர் கொடுக்கும்போது எஞ்சின் மாடல், கியர் விகிதம், அதிகபட்சச் சுற்று, விமானத்தின் எடை, எதிர்பார்க்கும் வேகம், தரை இடைவெளி எல்லாவற்றையும் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். இரண்டு பிட்ச்களுக்கு நடுவே தயங்கினால், முதல் பறத்தல்களுக்குக் குறைந்ததையே எடுங்கள். புதிய விமானத்துக்கு வேகத்தைவிட, ஓடுபாதை முடிவதற்குள் மேலேறுவதே முக்கியம்.