நாய்க்கும் பாஸ்போர்ட்!

லண்டன் நகரத்தின் நடுவே தேம்ஸ் நதி ஓடுகிறது. 1968-ம் ஆண்டில் அந்த நதியில் ஓர் உல்லாசக் கப்பல் வந்து நின்றது.

கப்பலில் யார் இருந்தார்கள்? ராஜாவா? ராணியா? கோடீசுவரரா?

ஒருவரும் இல்லை. நாய்கள்!

பிரபல நடிகை எலிசபெத் டெய்லர், அவருடைய கணவர் ரிச்சர்டு பர்ட்டன் ஆகியோரின் செல்ல நாய்கள் அவை. சினிமா வேலையாக இருவரும் லண்டனுக்கு வந்தார்கள். நாய்களைப் பிரிய அவர்களுக்கு மனம் இல்லை. ஆனால், நாய்கள் கரையில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது.

என்ன செய்வது? நாய்கள் தங்குவதற்கென்றே ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார்கள்! நேரம் கிடைத்தபோதெல்லாம் கப்பலுக்குப் போய்ச் செல்லங்களைக் கொஞ்சிவிட்டு வந்தார்கள்.

ஆறு மாதச் சிறை

அப்படி என்ன சட்டம் அது?

வெளிநாட்டிலிருந்து இங்கிலாந்துக்குள் வரும் நாயை ஆறு மாத காலம் தனிக் கொட்டடியில் அடைத்து வைக்கவேண்டும். ஒருநாள் கூடக் குறையாது. செலவு முழுவதும் நாய்க்கு உடையவர் தலையில்தான். அவர் போய்ப் பார்க்கலாம். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போக முடியாது.

உள்ளூர் நாயாக இருந்தாலும் இதே கதிதான். ஒரு வாரம் பிரான்சு நாட்டுக்கு உல்லாசப் பயணம் போய்த் திரும்பினாலும் ஆறு மாதச் சிறை! அதனால், விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர்கள் நாயை வீட்டிலேயே விட்டுப் போனார்கள்.

நம்மவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்களை, மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்தார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். இங்கிலாந்தில் நாய்களுக்கு நடந்ததும் அதுவேதான்.

பொல்லாத நோய்

இத்தனைக் கண்டிப்புக்குக் காரணம் வெறிநாய்க்கடி நோய்.

நோய் கண்ட நாயின் எச்சிலில் கிருமி இருக்கிறது. நாய் கடித்ததும் அந்தக் கிருமி காயத்தின் வழியாக நரம்பில் ஏறுகிறது. மெல்ல மெல்ல ஊர்ந்து மூளைக்குப் போகிறது. இதற்குச் சில வாரங்களும் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. நாய் வாலை ஆட்டும், மடியில் படுக்கும். மூளையைப் பிடித்த பிறகோ, பிழைப்பது மிக மிக அரிது.

இதனால்தான் ஆறு மாதக் காவல். கிருமி உள்ளே ஒளிந்திருந்தால், அதற்குள் வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

இங்கிலாந்து கடல் சூழ்ந்த நாடு. 1902-ம் ஆண்டிலேயே இந்த நோயை அங்கே ஒழித்துக் கட்டிவிட்டார்கள். ஆனால் 1918-ல் அது மறுபடியும் தலை காட்டியது. முதல் உலகப் போர் முடிகிற சமயம் அது. போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் ஆசையாக வளர்த்த நாய்களைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நோயை மீண்டும் ஒழிக்க 1922 வரை ஆயிற்று. சிலருடைய ஆசைக்கு நாடே நான்கு வருடம் அவதிப்பட்டது!

ஏமாற்றிய நாய்

ஆறு மாதக் காவலும் ஒருமுறை ஏமாந்து போயிற்று.

1969-ல் 'பிரிட்ஸ்' என்ற நாய், ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. ஆறு மாதம் கொட்டடியில் இருந்தது. நல்லபடியாக வெளியே வந்தது. வந்த சில நாட்களில், கேம்பர்லி என்ற ஊரில் அதற்கு வெறி பிடித்தது. அது இரண்டு பேரைக் கடித்துவிட்டது!

ஊரே நடுங்கியது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், அடைத்து வைத்தால் மட்டும் போதாது என்பது அதனால் விளங்கிற்று.

சிறை போய் ஊசி வந்தது

2000-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சட்டம் மாறியது. முறைப்படி தடுப்பு ஊசி போட்ட நாய், ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பலாம். சிறை இல்லை!

2004-ல் ஐரோப்பிய நாடுகள் நாய்க்கென்றே பாஸ்போர்ட் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தன. ஐரோப்பியக் கூட்டமைப்பிலிருந்து பிரிட்டன் விலகியதால், 2021 முதல் பிரிட்டன் கொடுத்த அந்தப் பாஸ்போர்ட் செல்லாமல் போயிற்று. ஒவ்வொரு பயணத்துக்கும் மிருக வைத்தியரிடம் தனிச் சான்றிதழ் வாங்கவேண்டி வந்தது.

நாயை அழைத்துப் போக விரும்புகிறவர் என்ன செய்யவேண்டும்?

முதலில், நாயின் தோலுக்கு அடியில் ஒரு 'சிப்' வைக்கவேண்டும். அரிசி மணி அளவுதான் இருக்கும். அதில் 15 இலக்க எண் உண்டு. கருவியைக் காட்டினால் எண் தெரியும். அதுதான் நாயின் அடையாளம்.

அதற்குப் பிறகே வெறிநாய்க்கடி தடுப்பு ஊசி. ஊசியை முன்னால் போட்டு, சிப்பைப் பின்னால் வைத்தால் செல்லாது. மறுபடியும் ஊசி போடவேண்டும். குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்கவேண்டும். முதல் ஊசி போட்ட பின் 21 நாள் பொறுக்கவேண்டும்.

பிரிட்டனுக்குத் திரும்பும்போது இன்னொரு வேலை இருக்கிறது. நாடாப்புழுவுக்கு மருந்து கொடுக்கவேண்டும். ஊர் வந்து சேருவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் வைத்தியர் கையால் கொடுக்கவேண்டும். நாயின் குடலில் இருக்கும் ஒருவகை நாடாப்புழு, மனிதனிடம் தொற்றினால் ஈரலை அரித்துவிடும். அந்தப் புழு பிரிட்டனில் இல்லை, ஐரோப்பாவில் உண்டு. அதனால்தான் இந்த ஏற்பாடு.

நீண்ட விடுமுறையா?

பிரிட்டனில் குளிர் அதிகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர், குளிர்காலத்தைக் கழிக்க ஸ்பெயின் நாட்டுக்குப் போகிறார்கள். காரில் நாயை ஏற்றிக்கொண்டு, கடலுக்கு அடியில் ஓடும் ரயிலில் காரோடு ஏறினால், 35 நிமிடத்தில் பிரான்சு வந்துவிடும். நாய் காரிலேயே இருக்கலாம். விமானம் என்றால் இந்த வசதி இல்லை. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் நாய் சரக்கோடு சரக்காகத்தான் வரவேண்டும். பார்வையற்றோருக்கு வழி காட்டும் நாய் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவிடச் சிரமம் அதிகம். விமானப் பயணம் அவற்றுக்கு ஆபத்தாக முடியலாம். "தூங்கட்டுமே" என்று மயக்க மருந்து கொடுப்பதும் தவறு.

போன இடத்திலும் கவனம் வேண்டும். ஸ்பெயின், இத்தாலி போன்ற வெயில் நாடுகளில் மணல் ஈ உண்டு. அது கடித்தால் நாய்க்குக் கொடிய நோய் வரும். நோய் முற்றிய பிறகு தவிப்பதைவிட, புறப்படும் முன்பே வைத்தியரிடம் கேட்டு, ஈயை விரட்டும் பட்டையை நாயின் கழுத்தில் கட்டுவது நல்லது.

நட்சத்திரத்துக்கும் சட்டம் ஒன்றே

2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் படப்பிடிப்புக்காக ஆஸ்திரேலியா போனார். அவர் மனைவி ஆம்பர் ஹேர்டும் இருந்தார். தனி விமானத்தில் இரண்டு குட்டி நாய்களும் வந்தன. பெயர்: பிஸ்டல், பூ. நாய்கள் இருப்பதை அதிகாரிகளிடம் சொல்லவில்லை.

முடி வெட்டும் இடத்துக்கு நாய்களை அனுப்பினார்கள். குட்டு வெளிப்பட்டது!

"நாய்களை உடனே திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் கொல்ல நேரிடும்" என்று மந்திரி பார்னபி ஜாய்ஸ் கெடு வைத்தார். நாய்கள் அமெரிக்காவுக்குத் திரும்பின. 2016-ல் ஆம்பர் ஹேர்டு கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கணவனும் மனைவியும் ஆஸ்திரேலிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

நம் வீட்டு நாய்

லண்டனில் மகன் இருக்கிறான். பேரனைப் பார்க்க ஆறு மாதம் போகிறீர்கள். நாயையும் அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் இந்தியாவில் இந்த நோய் இன்னும் ஒழியவில்லை. ஆகவே நம் நாய்க்குச் சோதனை கூடுதல். சிப் வைத்து, ஊசி போட்டு, 30 நாள் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கவேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். ஆக, நாலு மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கவேண்டும். நாய் கிழடாக இருந்தால், அதற்குப் பழகிய வீட்டிலேயே, பழகிய மனிதரிடம் விட்டுப் போவதே அதற்குச் செய்யும் உபகாரம்.

பயணம் போகாத நாய்க்கும் ஊசி அவசியம். 1885-ல் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பிரெஞ்சுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போட்டார். பையன் பிழைத்தான். அவர் பெயரால் நமது குன்னூரில் 1907 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நாய் கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசவேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

நாயிடம் அன்பு காட்டுங்கள். ஊசியையும் மறக்காதீர்கள்!