பேர்ல மட்டும் பொம்மலாட்டம்... டெல்டா பொம்மைகளுக்கு எப்போ ஒரு படம்?

தமிழ் சினிமாவில் 'பொம்மலாட்டம்' என்ற பெயரில் இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. 1968-ல் வந்தது முக்தா சீனிவாசன் இயக்கிய படம். ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்தது. மனோரமா சென்னைத் தமிழில் பாடிய அந்தப் பாட்டு இன்றைக்கும் டீக்கடை ரேடியோவில் கேட்கிறதே, அது இந்தப் படத்தில்தான். அடுத்தது 2008-ல் பாரதிராஜா இயக்கி, அர்ஜுனும் நானா படேகரும் நடித்த த்ரில்லர். இரண்டுமே கயிறு கட்டி ஆட்டும் மரப்பொம்மைகளைப் பற்றிய படம் இல்லை. இன்னும் பின்னால் போனால் 1964-ல் வீணை எஸ்.பாலசந்தர் எடுத்த 'பொம்மை' இருக்கிறது. அதில் பொம்மை உண்டு, ஆனால் அதற்குள் இருப்பது வெடிகுண்டு!

அமெரிக்காவில் நிலைமையே வேறு. 1955-ல் ஜிம் ஹென்சன் உருவாக்கிய கெர்மிட் என்ற துணித் தவளையும் அதன் கூட்டமும் 'மப்பெட்ஸ்' என்ற பெயரில் 1979-ல் முதல் படம் நடித்தன. 2011-ல் ஒன்று, 2014-ல் இன்னொன்று தியேட்டருக்கு வந்தன. அடுத்தது எப்போ, பழைய கைவேலையோடு வருமா, இல்லை எல்லாத்தையும் கிராஃபிக்ஸ்ல முடிச்சிடுவாங்களா என்று பத்து வருஷத்துக்கு மேலாக ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பொம்மைகளுக்குப் பஞ்சமே இல்லாத நம்ம காவிரி டெல்டாவில் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தலையாட்டி பொம்மையா? இல்லீங்க!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தஞ்சாவூர் பொம்மை என்றதும் நினைவுக்கு வருவது, எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும், தலையாட்டும் பொம்மை. புவிசார் குறியீடு வாங்கியது அதுதான். அது கொலு வைக்க, ஷோகேஸில் வைக்க. நாம் பேசுவது மேடையில் ஆடும் பொம்மை.

மேடைப் பொம்மையிலும் இரண்டு வகை. ஒன்று தோல்பாவைக்கூத்து. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவது. தமிழ்நாட்டில் இதைச் செய்பவர்களில் பலர் வீட்டில் மராத்தி பேசுபவர்கள். தஞ்சையை மராத்தியர்கள் ஆண்ட காலத்தில் (1676 முதல் 1855 வரை) இவர்களின் முன்னோர் இங்கே வந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்னொன்று மரப்பாவை, அதாவது பொம்மலாட்டம். கும்பகோணம் பக்கம் இதற்கு நல்ல பெயர். ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா, மங்கள கான பொம்மலாட்ட சபா எல்லாம் அந்த ஊர்ப் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டவை.

பத்து கிலோ ராஜா

ராஜஸ்தான் கட்புத்லி பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். கையடக்கமாக, விரல் அசைவிலேயே சுழலும். நம்ம ஊர்ப் பொம்மை அப்படி இல்லை. பெரியது நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை வரை இருக்கும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கியும் இந்தக் கனம்! பட்டுப்புடவை, நகை, கிரீடம் எல்லாம் சேர்ந்துவிடுகிறது இல்லையா?

இவ்வளவு எடையை விரலால் தூக்க முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பொம்மையின் கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் தன் தலையில் கிரீடம் போல மாட்டிக்கொள்கிறார். அவர் தலை சாய்ந்தால் பொம்மை சாயும். இரண்டு கையிலும் பிடித்திருக்கும் கம்பிகள் பொம்மையின் கைகளை அசைக்கும். கயிறும் கம்பியும் சேர்ந்த இந்த முறைதான் தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தின் தனி அடையாளம். காலில் சலங்கை கட்டிக்கொண்டு ஆட்டுபவர்களும் உண்டு. திரைக்குப் பின்னால் அவர் தாளத்துக்கு அடவு வைப்பார், முன்னால் பொம்மை பரதம் ஆடும். ஜப்பானின் புன்ராகுவில் முக்கியமான ஒரு பொம்மைக்கு மூன்று பேர். இங்கே ஒரே ஆள், கழுத்து வலியோடு.

ஒரு சின்ன இடைச்செருகல். தமிழ் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. திருக்குறளின் 1020-வது குறளில் இந்த மரப்பாவை வருகிறது. 'நாண்' என்ற ஒரே சொல் அதில் வெட்கத்தையும் குறிக்கிறது, பொம்மையை ஆட்டும் கயிற்றையும் குறிக்கிறது. வெட்கம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆடும் பொம்மை உயிர் இருப்பது போல ஏமாற்றுவதற்குச் சமம் என்கிறார் வள்ளுவர். பொம்மலாட்டம் பார்த்து ரசித்த ஆள் எழுதிய குறளாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு இந்தச் சொல்லை அரசியல் செய்தித் தலைப்பில்தான் அதிகம் பார்க்கிறோம். எங்க டெஸ்க்கும் விதிவிலக்கு இல்லை!

ஏன் அடுத்த கதை வருவதில்லை?

அரிச்சந்திரன், வள்ளி திருமணம், சீதா கல்யாணம், மார்க்கண்டேயர். பொம்மலாட்டம் என்றால் பெரும்பாலும் இந்தக் கதைகள்தான். சந்திரமதி அழும் இடத்தில் பாட்டிமார்கள் நூறாவது தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் பேரப்பிள்ளைகள் கேட்பது வேறு: 'இதுக்கு அடுத்து என்ன?'

புதுக்கதை போடுவது நினைப்பது போல லேசான வேலை இல்லை. ராஜாவை மந்திரியாக மாற்ற உடுப்பை மாற்றினால் போதும். ஆனால் புதுப் பாத்திரம் என்றால் புது முகம் செதுக்க வேண்டும், வண்ணம் பூச வேண்டும், துணி தைக்க வேண்டும். ஆர்மோனியம், மிருதங்கத்தோடு நேரடியாகப் பாட ஆள் கிடைக்காத குழுக்கள் ஒலிப்பதிவுக்கு மாறிவிட்டன. அப்படியானால் புதுக்கதைக்கு ஸ்டுடியோ செலவும் சேரும். இவ்வளவும் செய்து, அந்தக் கதையை எத்தனை ஊர் கூப்பிடும் என்று தெரியாது. அரிச்சந்திரன் என்றால் தைரியமாகக் கூப்பிடுவார்கள்.

டெல்டா கணக்கும் இதில் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசியில் ஆரம்பித்து பங்குனி, சித்திரை வரைதான் கோயில் திருவிழாக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் நிற்கும்போது திறந்தவெளியில் யார் மேடை போடுவார்கள்? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, இல்லாவிட்டால் கவலை. வெள்ளாமை பொய்த்த வருஷத்தில் திருவிழா நடக்கும், ஆனால் செலவுப் பட்டியலில் முதலில் அடிபடுவது இதுபோன்ற கலை நிகழ்ச்சிதான். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவில் சித்திரை மாதமே பறிபோனது. பத்து கிலோவைத் தலையில் சுமந்து ஆடப் பல வருஷப் பயிற்சி வேண்டும். வருஷத்தில் சில மாதம் மட்டும் வேலை என்றால் இருபது வயதுப் பையன் ஏன் வருவான்?

படமா எடுத்தா என்ன சிக்கல்?

கேமராதான் சிக்கல். மேடையில் இருட்டுத் திரை, ஒளி, தூரம் மூன்றும் சேர்ந்து கயிற்றை மறைக்கின்றன. குளோஸப்பில் கயிறும் தெரியும், கம்பியும் தெரியும். மப்பெட்ஸ் பொம்மைக்குள் ஆட்டுபவரின் கையே இருக்கிறது, அதனால் வாய் அசையும். அவர் ஃபிரேமுக்குக் கீழே ஒளிந்துகொண்டு, ஒரு மானிட்டரில் தன் பொம்மையைப் பார்த்தபடி நடிப்பார். நம்ம பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாய் அசையாது. யார் பேசுகிறார் என்பதை உடல் சாய்வும் கை வீச்சும்தான் சொல்லும். தூரத்தில் இருந்து பார்க்க இது அழகு. திரை நிறைய முகத்தைக் காட்டினால் உறைந்துபோன முகம்.

ஆனால் இதெல்லாம் தாண்ட முடியாத தடை இல்லை. 1965-ல் பிரிட்டிஷ் டிவியில் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்' முழுக்கக் கயிற்றுப் பொம்மைத் தொடர். அதிலிருந்து 1966-லும் 1968-லும் சினிமாவே எடுத்தார்கள். 2004-ல் வந்த 'டீம் அமெரிக்கா' படம் கயிற்றை மறைக்கவே முயற்சி செய்யவில்லை, சிரிப்பே அதில்தான்.

என் ஓட்டு 'பொன்னியின் செல்வன்' கதைக்கு. மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக எடுத்தாயிற்று, இன்னுமா என்று கேட்காதீர்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, கதை உரிமைக்குக் காசு தேவையில்லை. நடப்பதும் இதே மண்ணில். நந்தினி அசையாத முகத்தோடு பேசினால் இன்னும் பயமாகவே இருக்கும்! வந்தியத்தேவன் குதிரையை எப்படி ஓட்டுவது என்பதைக் கும்பகோணத்துக் கைகளிடம் விட்டுவிடலாம்.

பக்கத்து வீடுகளில் என்ன நடக்கிறது?

இலங்கையின் 'ரூகட' என்ற கயிற்றுப் பொம்மை நாடகம் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இந்தியாவில் இருந்து அந்தப் பட்டியலில் கூடியாட்டம் இருக்கிறது, ராம்லீலா இருக்கிறது, எந்தப் பொம்மலாட்டமும் இல்லை. பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைகள் இரவு இரவாக ஆடுவது நம்ம கம்பராமாயணத்தை. அந்தக் கலையின் ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே கோயிலே ஆட்டத்தைத் தன் சடங்கில் ஒன்றாக வைத்திருக்கிறது, விளைச்சல் எப்படி இருந்தாலும் ஆட்டம் உண்டு. டெல்டாவில் பொம்மலாட்டம் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் வரும் விருந்தாளி மட்டுமே. வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

எங்கே, எப்போ பார்க்கலாம்?

மாசி முதல் சித்திரை வரை கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ்களைக் கவனியுங்கள். கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவில் சின்ன எழுத்தில் இருக்கும். தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சி அறிவிப்புகளையும் பாருங்கள். மார்ச் 21 உலகப் பொம்மலாட்ட தினம், அதை ஒட்டியும் தேடலாம். போனால் மேடைக்கு நேர் எதிரே, நடுவில் உட்காருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் ஆட்டுபவரின் கால் தெரிந்துவிடும். குழந்தைகள் கூட இருந்தால் ஓரமே நல்லது, அவர்களுக்கு அதைப் பார்க்கத்தான் பிடிக்கும்.