அஞ்சும் சீமைப் பெருச்சாளிகளைக் கையாளும் விதம்

கினிப்பன்றி என்று வழங்கும் சிறு பிராணிக்குச் சீமைப் பெருச்சாளி என்றும் பெயருண்டு. அது பன்றியுமன்று, பெருச்சாளியுமன்று. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக் குடியானவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்கென்று அடுப்பங்கரையிலேயே வளர்த்துவரும் புல்லுண்ணி. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரால் ஐரோப்பாவை அடைந்து, பின்னர் ஆராய்ச்சிச் சாலைகளிலும் நகரத்து வீடுகளிலும் இடம்பெற்றது. ஆசைக்கு வாங்கிச் சலித்தவர்கள் கைவிடும் இப்பிராணிகளை, தோட்டமும் புல்லும் உடைய கிராமத்தார் ஏற்க நேரிடுவதுண்டு. செங்கற்பட்டுப் பக்கத்திலும் மாமல்லபுரக் கரையோரத்திலும் அவ்வாறு ஏற்பவர்களுக்கு இக்குறிப்புகள் பயன்படும்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், தவம் செய்யும் பூனையருகே எலிகள் அச்சமின்றிக் கூடியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். உயிருள்ள சீமைப் பெருச்சாளிக்கு அத்துணிவு கிடையாது. எதிர்க்கக் கொம்பில்லை, மரமேற நகமில்லை. ஒளிவது அல்லது அசையாமல் உறைந்துவிடுவது, இவ்விரண்டே அதன் தற்காப்பு. ஆகையால் புதிதாக வந்த பிராணி கையில் கல்லைப்போல் அமர்ந்திருந்தால், சாதுவாகிவிட்டது என்று கருதலாகாது. அது திகிலின் உச்சம். தீனியைக் கண்டு கீச்சென்று கூவுமானால் அதுவே நம்பிக்கையின் முதல் அடையாளம்.

கூண்டில் முதலில் வைக்கவேண்டியது தீனியன்று, ஒளிவிடம். வாய் அகன்ற மண்பானையின் பின்புறத்தில் மற்றொரு வழி திறந்து, கூரிய விளிம்புகளைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் போதும். ஒரே வழியுள்ள வளையில் இரண்டு பிராணிகளிருந்தால் ஒன்று மற்றொன்றை அடைத்து மிரட்டும். முதல் மூன்று நாட்கள் தீனி வைக்கவும் சுத்தம் செய்யவும் மட்டுமே கையை நீட்டவேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒருவரே, தரையில் அமர்ந்து மெல்லப் பேசிக்கொண்டு கொத்தமல்லித் தழையை நீட்டுக. அது வாங்காவிடில் அருகில் வைத்துவிட்டு எழுந்துவிடவேண்டும். சில பிராணிகள் ஒரு வாரத்தில் பழகும். துன்பப்பட்டவை சில மாதங்களும் எடுத்துக்கொள்ளும்.

மேலிருந்து கையை இறக்கிப் பிடிப்பது பருந்தின் செயலாகவே அதற்குத் தோன்றும். கூண்டு முழுவதும் விரட்டிப் பிடிப்பதோ அதனினும் தீது. எடுக்கவேண்டிய அவசியம் வந்தால், ஒரு சிறு கூடையைப் பக்கவாட்டில் கிடத்தி அதனுள் தானே நுழையச் செய்து கூடையோடு தூக்குக. கையால் எடுக்கையில் ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் அடியிலும், மற்றொரு கை பின்பாகத்தின் அடியிலும் இருத்தல் வேண்டும். வயிற்றை இறுக்கலாகாது. பிள்ளைகள் தரையில் அமர்ந்தே மடியில் வைக்கவேண்டும். இடுப்புயரத்திலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு முறியக்கூடும்.

அஞ்சிய பிராணி தின்பதை நிறுத்துவதே பெரும் அபாயம். இதன் குடல் இடையறாது இயங்கவேண்டியது. ஒரு நாள் முழுதும் பட்டினி கிடந்தால் உயிருக்கே மோசம். புட்டாணிகளை எண்ணியும், வாரமொரு முறை தராசில் நிறுத்தும் பார்த்துவருக. வளர்ந்த பிராணி 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். அதில் 100 கிராம் குறைந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். உலர்ந்த அருகம்புல் எந்நேரமும் இருக்கவேண்டும். மனிதரைப்போலவே இதன் உடலும் வைட்டமின் ‘சி’யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. 1907-இல் நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர் ஸ்கர்வி நோயை ஆராய்ந்தது இப்பிராணியைக் கொண்டே. கொய்யாத் துண்டும் சிறிது நெல்லிக்காயும் இக்குறையைத் தீர்க்கும். முருங்கைக்கீரை நல்லதெனினும் சுண்ணாம்புச்சத்து மிகுந்தது. நித்தியம் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம்.

மலைக்குளிரில் தோன்றிய ஜந்து இது. 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உஷ்ணம் ஆகாது. கத்தரி வெயிலில் தகரக் கொட்டகை அதற்குச் சிதையேயாகும். கடலோர ஊர்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும்; உள்நாட்டில் அது தாமதிக்கும். எங்காயினும் மண்சுவர், கீற்றுக்கூரையின் நிழலில், கூண்டருகே ஈரச்சாக்கைத் தொங்கவிடுக. கம்பித் தளம் பாதத்தைப் புண்ணாக்கும். துணி விரிப்பே சிறந்தது. பூனை, கீரி, பாம்பு நுழையாத வலை அவசியம். முயலோடு சேர்த்து அடைக்கலாகாது. முயலுக்குத் தீங்கு செய்யாத கிருமி இதன் நுரையீரலைத் தாக்கும்.

சவுக்குத் தோப்பில் அவிழ்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது வீண் எண்ணம். பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி பிராணியைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமென்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம். வளர்க்க இயலாதவர்கள் அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் யோசனை கேட்பது நலம். சீக்கு வந்தால் மாட்டுக்கோ மனிதருக்கோ வாங்கிய மருந்தில் மீந்ததைக் கொடுத்துவிடக் கூடாது. பென்சிலின், ஆம்பிசிலின் முதலியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால், குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து சில நாட்களில் பிராணி மாண்டுபோகும்.