இலை நிறம் மாறினால் பருவமா... நோயா? ஓக் மரங்களை அடையாளம் காணும் வழிகள்!

ஜூலை மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் மக்காச்சோளம் செழித்து நிற்கும் பருவம். வயலோரத்து ஓக் மரத்தின் உச்சியில் மட்டும் சில இலைகள் செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும். ‘இந்த வருஷம் சீக்கிரமே இலை பழுத்துவிட்டது’ என்று விவசாயி விட்டுவிட்டால், சில வாரங்களில் அந்த மரம் முழுவதும் காய்ந்துவிடக் கூடும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பக்கத்து மரங்களும் அதே வழியில் போகும்.

அங்கே ஓக் மரங்கள் இயல்பாக நிறம் மாறுவது செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபரில்தான். அதனால், நிறம் மாறும் காலத்தையும், நிற்கும் மரம் எந்த வகை என்பதையும் தெரிந்து வைத்திருப்பது அந்த விவசாயிகளுக்குப் பொழுதுபோக்கு அல்ல. தோப்பைக் காப்பாற்றும் வேலை.

நிறத்தை நம்பாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்!

தமிழில் கருவாலி என்று சொல்லப்படும் ஓக்கில், உலகம் முழுவதும் ஏறக்குறைய 500 வகைகள் உள்ளன. வட அமெரிக்க விவசாயிகள் முதலில் பிரித்துப் பார்ப்பது இரண்டே குடும்பங்களைத்தான்: வெள்ளை ஓக், சிவப்பு ஓக்.

வெள்ளை ஓக் குடும்பத்தில் இலையின் மடல்கள் விரல் நுனிபோல உருண்டிருக்கும். கொட்டை ஒரே ஆண்டில் முற்றிவிடும், துவர்ப்பு குறைவு. சிவப்பு ஓக் குடும்பத்தில் மடல்கள் கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு முனையிலும் மெல்லிய முடிபோன்ற நுனி நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டை முற்ற இரண்டு ஆண்டுகள் ஆகும், துவர்ப்பு அதிகம்.

மரத்துண்டை வைத்தும் கண்டுபிடிக்கலாம். சிவப்பு ஓக்கின் நுண்துளைகள் திறந்தே இருப்பதால், சிறு துண்டின் ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெள்ளை ஓக்கில் அந்தத் துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். மது ஊறவைக்கும் பீப்பாய்களுக்கு வெள்ளை ஓக்கைத் தேடி வாங்குவதற்கு இதுதான் காரணம்.

ஒரே வகை, பல நிறம்

இலையுதிர் காலத்தில் வெள்ளை ஓக் பெரும்பாலும் மங்கிய சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்புக்கு மாறிப் பிறகு பழுப்பாகும். கிழக்கு மாநிலங்களில் உள்ள ஸ்கார்லெட் ஓக், பெயருக்கு ஏற்றபடி குங்குமச் சிவப்பில் மின்னும். பர் ஓக் மஞ்சளோடு பழுப்பு நிறத்தில் நின்றுவிடும். அதன் கொட்டையின் கிண்ணத்து விளிம்பில் குஞ்சம்போல நார்கள் இருக்கும்.

ஆனால், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று வெறும் பழுப்பாகவும் மாறுவது உண்டு. பகல் குறையும்போது இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு நிறமி மட்டும் அந்த நேரத்தில்தான், இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி இல்லாத குளிரும் இருந்தால் சிவப்பு கூடும். கடைசியில் மிஞ்சும் பழுப்பு, டானின் என்ற துவர்ப்புப் பொருளால் வருவது. நம் ஊர் கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் இருப்பதும் டானின்தான். மரத்தின் பரம்பரைக் குணம், மண், மழை எல்லாம் சேர்ந்து நிறத்தைத் தீர்மானிப்பதால், நிறத்தை மட்டும் வைத்து வகையைச் சொல்ல முடியாது.

கோடையில் நிறம் மாறினால் எச்சரிக்கை!

விஸ்கான்சினில் 1944-ம் ஆண்டு அடையாளம் காணப்பட்டது ஓக் வாடல் நோய். நீர் செல்லும் குழாய்களைப் பாதிக்கும் பூஞ்சணம் இது. இலையின் நுனியிலும் ஓரத்திலும் செம்பு நிறம் தொடங்கும். காம்புப் பக்கம் பச்சையாகவே இருக்கும். அப்படிப் பாதி பச்சையாக இருக்கும்போதே இலைகள் உதிரும். இதுதான் முக்கிய அடையாளம். தண்டுத் துளைப்பான் வண்டு தாக்கிய மரத்தில் காய்ந்த இலைகள் கிளையிலேயே தொங்கும். சந்தேகம் இருந்தால், கிளை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்கிறார்கள்.

சிவப்பு ஓக் சில வாரங்களில் செத்துவிடும். வெள்ளை ஓக் கிளை கிளையாகப் பல ஆண்டுகள் வாடும். சில நேரம் பிழைத்தும்விடும். குடும்பத்தை அடையாளம் காண்பது ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும்.

நோய் இரண்டு வழிகளில் பரவுகிறது. பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது ஒரு வழி. புதிதாக வெட்டிய காயத்தில் வடியும் சாற்றைத் தேடி வரும் சிறு வண்டுகள் இன்னொரு வழி. அதனால்,

* ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் மரத்தில் கவாத்து செய்வதில்லை. காற்றில் கிளை முறிந்தால், அந்தக் காயத்துக்கு உடனே பெயின்ட் பூசுகிறார்கள்.

* நோயுற்ற மரத்துக்கும் நல்ல மரத்துக்கும் இடையே சுமார் 5 அடி ஆழத்துக்கு இயந்திரத்தால் மண்ணைக் கீறி, வேர்த் தொடர்பைத் துண்டிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நோயுற்ற மரத்தை வெட்டுகிறார்கள்.

* நோயால் செத்த சிவப்பு ஓக்கின் விறகை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதில்லை.

மாடுகளுக்கு ஆகாது

ஓக் தோப்பில் மாடு, ஆடு மேய்ப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வசந்த காலத் தளிர்களிலும் பச்சைக் கொட்டைகளிலும் டானின் அதிகம். மேய்ச்சல் குறைந்த நேரத்தில் மாடுகள் இவற்றை அளவுக்கு மீறித் தின்றால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறக்கவும் நேரிடும். பன்றிகள் இதைத் தாங்கும். ஸ்பெயினில் ஓக் கொட்டை தின்று வளரும் பன்றியின் இறைச்சிக்குத் தனி மதிப்பே இருக்கிறது. அதனால், கொட்டை விழும் பருவத்தில் மாடுகளை வேறு வயலுக்கு மாற்றுவதும், போதிய உலர்தீவனம் கொடுப்பதும் அங்கே வழக்கம்.

அக்டோபரில் தோப்பே சிவந்து நின்றால், அந்த விவசாயி கவலைப்படுவதில்லை. ஜூலையில் ஒரே ஒரு கிளை செம்பு நிறமானால், அன்றைக்கே மரத்தடிக்குப் போய் உதிர்ந்த இலையை எடுத்துப் பார்க்கிறார்.